தாவரமும் விலங்கும் உயிர்வாழ்வது எப்படி? உயர்நிலை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உயிரியல் துணைப்பாடம் எடுப்பவன் நான். சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். ஆனால் சந்தேகம் சாப்பாட்டு மேசையில் வரும்போது அம்மாவிடமோ தாத்தாவிடமோ தமிழில் கேட்கிறார்கள். அதனால் பதில்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். எந்தக் கேள்வி வந்தாலும் வகுப்பில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: செல்லுக்குள் என்ன போனது, செல்லிலிருந்து என்ன வெளியே வந்தது? கீழே உள்ள பதில்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும்.

உயிர்ச்செயல்கள் ஏழு என்கிறார்கள். ஏழையும் மனப்பாடம் செய்தால் போதுமா?

அசைவு, சுவாசம், உணர்திறன், வளர்ச்சி, இனப்பெருக்கம், கழிவுநீக்கம், ஊட்டம். இதை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். பேருந்து நகர்கிறது, எரிபொருளை எரிக்கிறது, புகையும் விடுகிறது. அப்படியானால் அதற்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டால்தான் பலரும் திணறுகிறார்கள். பேருந்து வளராது, குட்டி போடாது. ஏழும் ஒன்றாக இருந்தால்தான் உயிருள்ளது என்போம்.

கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காதே, அதற்கு உயிர் இல்லையா என்று யாராவது ஒருவர் கட்டாயம் மடக்குவார். நல்ல கேள்விதான். அதன் உடலில் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன. வைரஸ் அப்படி இல்லை. இன்னொரு உயிரின் செல்லுக்குள் நுழையும் வரை அது எதையும் செய்யாது. அதனால்தான் அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

மூச்சு விடுவதும் ரெஸ்பிரேஷனும் ஒன்றுதானே?

இல்லை. மூச்சு விடுவது என்பது காற்றை நுரையீரலுக்குள் இழுத்து வெளியே விடும் வேலை. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் உதரவிதானமும் அதைச் செய்கின்றன. ரெஸ்பிரேஷன் என்பது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கும் வேதிவினை; கீழே 'சுவாசம்' என்று நான் எழுதுவது இதைத்தான். குளுக்கோஸும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் உண்டாகின்றன, கூடவே ஆற்றல் வெளிப்படுகிறது. ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கட்டங்கள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் நடக்கின்றன. கால் பெருவிரலில் உள்ள செல்லும் இதைச் செய்கிறது, அதற்கு நுரையீரல் கிடையாது.

உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 விழுக்காடு, கார்பன் டை ஆக்ஸைடு 0.04 விழுக்காடு. வெளியே விடும் காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 16 விழுக்காடாகக் குறைகிறது, கார்பன் டை ஆக்ஸைடு 4 விழுக்காடாகக் கூடுகிறது. எண்களை நன்றாகப் பாருங்கள். நாம் ஆக்ஸிஜனை உள்ளே இழுத்துக் கார்பன் டை ஆக்ஸைடை வெளியே விடுகிறோம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். வெளியே போகும் காற்றிலும் ஆக்ஸிஜன் நிறையவே இருக்கிறது. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி ஒருவரைக் காப்பாற்ற முடிவது அதனால்தான்.

இன்னொன்று: ஆற்றல் 'உற்பத்தியாகிறது' என்று எழுதாதீர்கள், 'வெளிப்படுகிறது' என்று எழுதுங்கள். அது குளுக்கோஸுக்குள் ஏற்கனவே இருந்ததுதான்.

பகலில் செடி ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும். சரியா?

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி ஆண்டுதோறும் பலரின் மதிப்பெண்ணைப் பறிக்கிறது. செடியின் உயிருள்ள செல்கள் இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கின்றன. பகல் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகம் சுவாசத்தின் வேகத்தைவிட அதிகம். சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்ஸைடு போதாமல் வெளியிலிருந்தும் செடி எடுத்துக்கொள்கிறது. அதனால் வெளியே நின்று அளப்பவருக்கு ஆக்ஸிஜன் வெளிவருவது மட்டுமே தெரிகிறது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் இரண்டு வேகங்களும் சமமாகும் ஒரு கட்டம் வரும். அப்போது செடி வாயு எதையும் எடுப்பதாகவோ விடுவதாகவோ தெரியாது. வினைகள் இரண்டும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்று பாட்டி சொல்வார். ஒரு தொட்டிச் செடி விடும் கார்பன் டை ஆக்ஸைடு, அதே அறையில் தூங்கும் தம்பி விடுவதற்குப் பக்கத்தில்கூட வராது. பாட்டியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

டிராகன் பழச் செடி, அன்னாசி, கற்றாழை போன்றவை சற்று வேறு வழியில் போகின்றன. பகலில் இலைத்துளையைத் திறந்தால் தண்ணீர் வீணாகும் என்பதால் இரவில் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை எடுத்து, அமிலமாக்கிச் சேமித்து வைக்கின்றன. மறுநாள் வெளிச்சம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கரை செய்கின்றன. பொதுவாகச் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வில் இதைக் கேட்பதில்லை. தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

மரம் இவ்வளவு கனமாக வளர்கிறதே, அந்த எடை முழுக்க மண்ணிலிருந்து வருகிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியப் பகுதி அறிஞர் சோதித்தே பார்த்துவிட்டார். தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைப் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரத்தின் எடை 169 பவுண்டுக்குச் சற்று அதிகம். மண்ணை உலர்த்தி நிறுத்தால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் கீழே! ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648ல் இது அச்சானது.

அவர் முடிவு பாதிதான் சரி. மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றில் இருந்த கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், கரியை எரித்தால் ஒரு வாயு வருகிறது என்று விவரித்து, 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவரும் அவர்தான். தன் மரத்தைக் கட்டியெழுப்பியதும் அதே வாயுதான் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அப்படியென்றால் உரம் எதற்கு? உரம் செடிக்கு உணவு இல்லை. நைட்ரஜன் இருந்தால்தான் குளுக்கோஸிலிருந்து புரதம் செய்ய முடியும். மக்னீசியம் இருந்தால்தான் பச்சையம் செய்ய முடியும். அளவு சிறியதுதான், ஆனால் இல்லாவிட்டால் இலை மஞ்சளாகிவிடும்.

ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்ஸிஜன் எதிலிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். தண்ணீரிலிருந்து. கனமான ஆக்ஸிஜன் அணுக்களை அடையாளமாகப் பயன்படுத்தி 1941ல் ரூபனும் கேமனும் குழுவினரும் இதைக் காட்டினார்கள்.

தௌகே இருட்டில் வளர்கிறதே. வெளிச்சம் இல்லாமல் வளர்ச்சி எப்படி?

ஈரச்சந்தையில் வாங்கும் தௌகே, பச்சைப் பயறு இருட்டில் முளைத்தது. முளைப்பதற்குத் தண்ணீர், ஆக்ஸிஜன், தகுந்த வெப்பம் ஆகிய மூன்றும் போதும். சாப்பாடு விதையிலைக்குள்ளேயே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாவதில்லை, அதனால்தான் தண்டு வெள்ளையாக, நீளமாக, ஒல்லியாக இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. பயறு முளைத்ததும் கனக்கிறது, ஆகவே எடை கூடியது என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். கூடியது தண்ணீரின் எடை. முளைகளை அடுப்பில் நன்றாக உலர்த்தி நிறுத்தால், முளைக்கும் முன் இருந்ததைவிட உலர் எடை குறைந்திருக்கும். மாவுப்பொருள் சர்க்கரையாகி, சுவாசத்தில் செலவாகி, அதன் கார்பன் வாயுவாக வெளியே போய்விட்டது. முளைக்கும் பயறை வெப்பக் குடுவையில் வைத்தால் வெப்பமானி ஏறுவதும் இதனால்தான். ஒப்பிட இன்னொரு குடுவையில் வேகவைத்த பயறை வைக்க வேண்டும். கிருமிநாசினியில் கழுவ மறந்தால் கிருமிகள் சுவாசித்து அதுவும் சூடாகிவிடும்.

தோசை மாவு பொங்குவது ஆக்ஸிஜன் இல்லாத சுவாசமா?

ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் பாடநூலில் வரும் ஈஸ்ட் உதாரணத்தை அப்படியே பொருத்தாதீர்கள். ஈஸ்ட் குளுக்கோஸை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் மாற்றும். தோசை மாவில் முக்கிய வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். அவை லாக்டிக் அமிலமும் கார்பன் டை ஆக்ஸைடும் தருகின்றன. புளிப்பது ஒன்றால், பொங்குவது இன்னொன்றால். நம் தசை கதையே வேறு. விரைந்து ஓடும்போது ஆக்ஸிஜன் போதாமல் தசை லாக்டிக் அமிலம் மட்டும் உண்டாக்குகிறது, அந்த வினையில் கார்பன் டை ஆக்ஸைடு வராது. மூன்றையும் குழப்பாமல் எழுதுபவருக்கு முழு மதிப்பெண்.

சிங்கப்பூரில் இவ்வளவு புழுக்கம். இங்கே நீராவிப்போக்கு நடக்குமா?

நீராவிப்போக்கு என்பது இலையிலிருந்து தண்ணீர் ஆவியாக வெளியேறுவது. அது இங்கேயும் நடக்கும், வேகம் நேரத்துக்கு நேரம் மாறும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் சுமார் 82 விழுக்காடு. விடியும் முன் 90க்கு மேல் இருக்கும், மழையில்லாத நாளின் பிற்பகலில் 60க்கு அருகே இறங்கிவிடும். இலைக்குள் இருக்கும் காற்றிடங்களில் எப்போதும் நீராவி நிறைந்திருக்கிறது. வெளியே அது குறைவாக இருந்தால் இலைத்துளை வழியாக வெளியேறும். பிற்பகல் வெயிலில் இலை சூடாகி, காற்றும் வீசினால் வேகம் ஏறும். பன்னிரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் இருக்கும் துளசி, தரைத்தளத்துத் துளசியைவிடச் சீக்கிரம் வாடுவதற்குக் காற்றுதான் பெரிய காரணம்.

இலையில் தண்ணீர் வெளியேற வெளியேற, வேரிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் சைலம் குழாயில் இருக்கும் தண்ணீர் இழையாக மேலே இழுபடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் இழை அறுவதில்லை. இதயம் இல்லாமலே மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் போய்ச் சேர்வது இப்படித்தான்.

காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் சேப்பங்கிழங்குச் செடி கண்ணில் பட்டால் இலை நுனியைப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும். விரலால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் அதே இடத்தில் மறுபடி ஊறும். பனியாக இருந்தால் இலை முழுக்கப் படர்ந்திருக்க வேண்டும், நுனியில் மட்டும் ஊறாது. இரவில் நீராவிப்போக்கு மந்தமாகிவிட, வேர் மட்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தில் இலை நுனியிலுள்ள நீர்த்துளை வழியாகத் திரவமாகவே கசிகிறது.

நம் உடம்பு கசகசப்பதும் இதே கணக்குதான். வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிராது, அது ஆவியாக வேண்டும். புழுக்க நாளில் ஆவியாகாமல் வழிந்துவிடுகிறது.

சவ்வூடு பரவலில் தண்ணீர் உப்புப் பக்கம் போகும் என்கிறீர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலையில் எதிர்ப்பக்கம் போகிறதே?

பழுப்புநிற உருளைக்கிழங்குத் துண்டுகளை மட்டுமே பார்த்துச் சலித்த வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் பாடம் களைகட்டிவிடும். அரைவழிச் சவ்வின் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் உப்புத் தண்ணீர் இருந்தால், நீரியல் திறன் அதிகமுள்ள நல்ல தண்ணீர்ப் பக்கத்திலிருந்து உப்புப் பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதற்குச் செல் ஆற்றல் செலவழிக்க வேண்டாம். 2003லிருந்து சிங்கப்பூரில் கிடைக்கும் புதுநீரைத் தயாரிக்கும்போது, ஒரு கட்டத்தில் கழிவுநீர்ப் பக்கம் பம்பால் பெரும் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை எதிர்த்திசையில் தள்ளுகிறார்கள். பம்புக்கு மின்சாரம் வேண்டும். இயற்கை விதி மீறப்படவில்லை, அதை வெல்லக் காசு கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

செல்லில் இது எப்படித் தெரியும்? சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும். தாவரச் செல் வெடிக்காது, செல்சுவர் தாங்கிக்கொள்ளும், விறைப்பாக நிற்கும். செடி நிமிர்ந்து நிற்பதும் அந்த விறைப்பால்தான். தேர்வில் 'உப்பு நகர்ந்தது' என்று எழுதிவிடாதீர்கள். நகர்வது தண்ணீர்.

தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையை மூடுகிறதே, அதற்கு நரம்பு இருக்கிறதா?

சாலையோரமெல்லாம் குடை விரித்து நிற்கும் அதே மரம்தான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மாலை ஐந்து மணிவாக்கில் இலை மூடத் தொடங்குவதால் மலாயில் 'புக்குல் லீமா' என்பார்கள். மழை மேகம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மூடிக்கொள்ளும்.

நரம்பும் இல்லை, தசையும் இல்லை. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சற்றுத் தடித்த ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டின் ஒரு பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேறுகிறது. அந்தப் பக்கம் தளர, மறுபக்கம் விறைக்க, இலை மடிகிறது. போன கேள்வியில் பார்த்த சவ்வூடு பரவல்தான் இங்கே வேலை செய்கிறது. தொட்டாச்சிணுங்கியும் இதே வழிதான், ஆனால் அதில் தொடுதல் ஒரு மின்சமிக்ஞையாகப் பரவுவதால் நொடிகளில் மடிகிறது.

மீனின் செவுள் ஏன் இவ்வளவு சிவப்பு? தண்ணீரை விட்டு எடுத்தால் ஏன் செத்துப்போகிறது, காற்றில்தான் ஆக்ஸிஜன் அதிகமாயிற்றே?

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது கடைக்காரர் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டுவார், சிவப்பாக இருந்தால் புதுமீன். அடுத்த முறை அந்த மீனை வீட்டுக்கு எடுத்து வந்து ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செவுளை வெட்டியெடுத்துத் தண்ணீரில் விட்டால் இழைகள் ஒவ்வொன்றாக விரியும், சீப்பின் பற்களைப் போல. வெளியே தூக்கினால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே திரளாகிவிடும். கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருந்தாலும், இழைகள் ஒட்டிக்கொண்டால் அதை வாங்கும் பரப்பு போய்விடுகிறது. அப்புறம் காய்ந்தும் போகும்.

சிவப்புக்குக் காரணம், மெல்லிய சுவருக்குப் பின்னால் ஓடும் தந்துகிகளின் இரத்தம். நம் நுரையீரலின் காற்றுநுண்ணறைகளிலும் இதே ஏற்பாடுதான்: பெரிய பரப்பு, மெல்லிய சுவர், ஈரம், நிறைய இரத்தம். தேர்வில் இந்த நான்கையும் எழுதுவதோடு, ஒவ்வொன்றும் எதற்கு என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் சேற்றில் குதித்துத் திரியும் சேற்று மீன் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்கிறது, ஈரமான தோல் வழியாகவும் வாயின் உட்புறம் வழியாகவும் ஆக்ஸிஜனை எடுக்கிறது. அடிக்கடி சேற்றில் புரள்வது தோல் காயாமல் இருக்க.

பித்தநீர் ஒரு நொதியா?

இல்லை. பித்தநீரில் செரிமான நொதியே கிடையாது. அது கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கிறது, மூலக்கூறை உடைப்பதில்லை. துளி சிறிதானால் லைபேஸ் நொதி வேலை செய்ய அதிகப் பரப்பு கிடைக்கும். கல்லீரல் சுரக்கிறது, பித்தப்பை சேமிக்கிறது. சுரப்பதே பித்தப்பைதான் என்று எழுதுபவர்கள் அதிகம்.

மலம் கழிப்பது கழிவுநீக்கத்தில் சேருமா?

பெரும்பாலும் சேராது. நார்ச்சத்து உங்கள் எந்தச் செல்லுக்குள்ளும் போகவே இல்லை, வாயில் நுழைந்து குடல்வழியே கடந்து வெளியேறியது. கழிவுநீக்கம் என்றால் செல்களின் வேதிவினையில் உண்டானது வெளியேற வேண்டும்: யூரியா, கார்பன் டை ஆக்ஸைடு போன்றவை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். ஒரு நாளில் இரண்டும் சேர்ந்து வடிகட்டுவது ஏறக்குறைய 180 லிட்டர். சிறுநீராகப் போவது ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான், மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது.

சிரையில் ஓடும் இரத்தம் நீலமா?

கருஞ்சிவப்பு. தோல் வழியாகப் பார்ப்பதால் நீலமாகத் தெரிகிறது. பாடநூல் படத்தில் நீலம் தீட்டுவது வசதிக்காக.

ஏடிஸ் கொசுவை ஒழிக்கக் கொசுவையே பறக்கவிடுகிறார்களே, இதில் என்ன உயிரியல்?

இனப்பெருக்கப் பாடத்துக்கு இதைவிட நல்ல உள்ளூர் உதாரணம் கிடைக்காது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சியினங்களில் இயல்பாகவே வாழ்கிறது. அதைச் சுமக்கும் ஆண் ஏடிஸ் கொசு, அது இல்லாத பெண் கொசுவோடு இணைந்தால் முட்டைகள் பொரிவதில்லை. தேசியச் சுற்றுப்புற வாரியம் இப்படிப்பட்ட ஆண் கொசுக்களை 2016லிருந்து குடியிருப்புப் பேட்டைகளில் விட்டு வருகிறது. ஆண் கொசு கடிக்காது, பூந்தேன் போன்ற தாவரச் சாறுதான் அதற்கு உணவு. பெண்ணும் சாறு குடிக்கும், முட்டை வளர்க்கப் புரதம் தேவை என்பதால் இரத்தம் தேடி வருகிறது.

முட்டை, லார்வா, கூட்டுப்புழு, கொசு என்று நான்கு கட்டங்களும் இந்த ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிந்துவிடும். லார்வா தண்ணீரில் இருந்தாலும் அதற்குச் செவுள் மூச்சு போதாது. வாலருகே உள்ள குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிக் காற்றை எடுக்கிறது. தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் விட்டால் அது சாவது அந்தக் குழாய் அடைபடுவதால். முட்டை மட்டும் கெட்டிக்காரத்தனமானது. தண்ணீர் வற்றினாலும் பூந்தொட்டித் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பல மாதம் தாங்கும், மறுபடி நனைந்ததும் பொரியும். ஆகவே தட்டிலுள்ள தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும்.